ஒன்றரை மடங்கு கிரேக்கம்

சலவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அறையின் வாசலில், ‘பயணத்துக்குக் கிரேக்கம், பத்து வாரம்’ என்று ஓர் அட்டை தொங்கியது. வகுப்பு ஒன்பது மணிக்கு. எட்டே முக்காலுக்கே முன்வரிசையில் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் முதுகுக்கும் அவர் முதுகுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. அறுபத்தேழு வயதில் அப்படி நிமிர்ந்து உட்காருகிறவர்கள் குறைவு. கீழே சலவைக்கடையின் சின்னக் கொதிகலன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வால்வு லேசாகச் சீறுவதை அவர் காது தானாகவே எடைபோட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கொதிகலன் ஆய்வாளராக இருந்தவர் அவர். ஆலை முதலாளியிலிருந்து அடுப்பில் கரி தள்ளுகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ‘சீல்காரர்’தான். அவர் சோதித்துப் பார்த்து ஈயத்தில் சீல் குத்திய பிறகுதான் ஒரு கொதிகலன் எரியலாம். பத்து அளவு அழுத்தத்தில் வேலை செய்யப்போகிற கொதிகலன் என்றால், அதில் தண்ணீரை நிரப்பிப் பதினைந்து வரை ஏற்றிப் பார்ப்பார். ஒன்றரை மடங்கு. ஒரு சொட்டு கசிந்தாலும் சீல் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, மிரட்டினாலும் கிடையாது. பொய்ச் சான்று ஒன்றுகூட அவர் கையிலிருந்து போனதில்லை. அவருக்காக வேறொருவர் கையெழுத்துப் போட்டதும் இல்லை.

டீச்சர் வந்தார். பல ஆண்டுகள் கப்பலில் நர்ஸாக இருந்து, துறைமுகம் துறைமுகமாக மொழியைப் பொறுக்கிக்கொண்டு வந்தவர். எதற்காகக் கிரேக்கம் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது, அதுவே பதில். ஒரு கப்பல் சமையல்காரர், “அங்க இறங்கினா காய்கறிக்காரன் என்னை ஏமாத்துறான் டீச்சர். திட்டணும். அதுக்குத்தான்” என்றார்.

“நீங்க ஐயா?”

“சம்பந்தி வீட்டுக்குப் போறேன்.”

“பொண்ணு அங்க இருக்காங்களா? அப்போ கவலையே இல்லை. அவங்களே கூட நின்னு பேசிடுவாங்களே.”

“பேசுவா. ஆனா என் வாயால சொல்ல வேண்டியது ஒன்னு இருக்கு” என்றார் சீல்காரர்.

சொல்ல வேண்டியது இதுதான். இரண்டு ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரே மகள், ஒரு கிரேக்கத் தச்சரின் மகனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். முடிவு செய்துவிட்டுச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தைத்தது. பின்னாலேயே அந்தத் தச்சர் தன் கைப்பட எழுதிய கடிதம் வந்தது. மகள் அதைத் தமிழாக்கித் தனித்தாளில் சேர்த்திருந்தாள். ‘உங்கள் மகளை எங்கள் வீட்டு மகளாகக் கேட்கிறேன். நேரில் வந்து கேட்பதுதான் மரியாதை. கடல் கடந்து வர இப்போது முடியவில்லை, மன்னிக்க வேண்டும். நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால்தான் என் வீட்டில் இந்தக் கல்யாணம் நிறையும்.’ சீல்காரர் அதைப் படித்தார். காலாவதியான சான்றிதழ்கள் கிடக்கும் மேசை இழுப்பறையில் போட்டு மூடினார். பதில் எழுதவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. மனைவியையும் போகவிடவில்லை.

பேத்தி பிறந்த செய்தி வந்த அன்று, எதற்கென்று தெரியாமலே அந்த இழுப்பறையைத் திறந்தார். கடிதத்தை மறுபடி படித்தபோது ‘மன்னிக்க வேண்டும்’ என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. தன் வயதுடைய ஒரு மனிதர், ஒரு வீட்டுக்குத் தலைவர், முறை தெரிந்து எழுதியிருக்கிறார். முறை தவறியது யார்? வீட்டில் யார் தப்புச் செய்தாலும் தலைகுனிவு வீட்டுத் தலைவனுக்கு. தலைவனே தப்புச் செய்தால் அதை வேறு யார் போய் நேராக்க முடியும்? மகளை நடுவில் நிறுத்தி அவள் வாயால் மன்னிப்புக் கேட்பது, தன் சான்றிதழில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவது மாதிரி. அது செல்லாது.

“நாம போறோம்” என்றார் மனைவியிடம்.

“நான் போறதா எப்பவோ முடிவு பண்ணிட்டேன். நீங்க வர்றீங்களான்னுதான் தெரியாம இருந்துச்சு” என்றார் அந்த அம்மாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

முதல் நான்கு வாரம் வணக்கம், நன்றி, எண்கள், வழி கேட்பது, காப்பி கேட்பது என்று போனது. சீல்காரர் ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் அவருக்கு வேண்டியது பாடப் புத்தகத்தில் இல்லை. ஐந்தாம் வாரம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு டீச்சரிடம் கேட்டார்.

“சிக்னோமின்னு ஒன்னு சொல்லிக்குடுத்தீங்க. அது கூட்டத்துல காலை மிதிச்சா சொல்றது. ரெண்டு வருஷம் ஒரு கடிதத்துக்குப் பதில் போடலைன்னா என்ன சொல்லுவாங்க?”

டீச்சர் அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு பலகையில் இருந்த காப்பி விலையை அழித்துவிட்டு, மூன்று வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி எழுதினார். சீல்காரர் தமிழ் எழுத்தில் நோட்டில் ஏற்றிக்கொண்டார். ‘பீரா தோ கிராமா சாஸ்.’ உங்கள் கடிதம் கிடைத்தது. ‘தென் அப்பாண்டிசா.’ நான் பதில் எழுதவில்லை. ‘தோ லாதோஸ் ஈனே திக்கோ மூ.’ தப்பு என்னுடையது.

“போதுமா ஐயா? இன்னும் கொஞ்சம் இனிப்பா வேணும்னா சேர்க்கலாம்.”

“இனிப்பு வேண்டாம். தாங்கினாப் போதும்.”

தாங்குமா என்று பார்க்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். அமைதியான அறையில் சொன்னால் எந்த வாக்கியமும் நிற்கும். சம்பந்தி முகத்துக்கு நேரே நிற்க வேண்டுமே. அதனால் ஒன்றரை மடங்கு ஏற்றினார். குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னார். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டே சொன்னார். வானொலியில் செய்தி ஓடும்போது அதற்கு மேலே சொன்னார். மீசை மழிக்கும்போது சொல்லி மேலுதட்டைக் கீறிக்கொண்டார்.

“அந்தத் தண்ணிய மூடுங்க. சம்பந்தி என்ன அருவிக்கு அடியிலயா நின்னு உங்களோட பேசப்போறாரு?” என்றார் மனைவி.

“சோதனை நடக்குது. குறுக்க பேசாதே.”

“பண்ணுங்க, பண்ணுங்க. ஆனா அது லாத்தோஸ் இல்லை. நாக்கைப் பல்லுக்கு நடுவுல கொஞ்சம் நீட்டுங்க. லாதோஸ்.”

சீல்காரர் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டாள் போல என்று அவர் விட்டுவிட்டார். பெரிய விரிசலெல்லாம் முதலில் முடி மாதிரிதான் தெரியும் என்று பயிற்சிக்கு வரும் இளம் ஆய்வாளர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவர் அவர். அன்றைக்கு அது அவருக்கே நினைவு வரவில்லை.

எட்டாம் வாரப் பாடம், மருத்துவரிடம் பேசுவது. தலை, கெஃபாலி. இடுப்பு, மேசி. டீச்சர் பழைய நர்ஸ் அல்லவா, ஒவ்வொருவரையும் நோயாளியாக்கி உட்காரவைத்தார். சமையல்காரருக்கு வயிற்றுவலி. புதுமாப்பிள்ளைக்குப் பல்வலி. சீல்காரருக்கு இடுப்புவலி. “இ மேசி மூ போனாயி” என்று விறைப்பாக உட்கார்ந்தபடியே சொன்னார்.

“பெரியவரே, இடுப்பு வலிக்கிறவன் இப்படியா உட்காருவான்? கொஞ்சமாவது வளையுங்க. டாக்டர் நம்பமாட்டாரு” என்றார் சமையல்காரர். வகுப்பே சிரித்தது.

அடுத்த ஞாயிறு பிற்பகல் நான்கு மணி. மனைவி வழக்கம்போலத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு துணி காயவைக்கும் பின்கட்டுக்குப் போனார். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு நான்கு மணி என்றால் அப்படித்தான். மகளோடு பேசுகிறாள், பேசட்டும் என்று சீல்காரர் அந்தப் பக்கம் போனதில்லை. அன்று சட்டைப் பொத்தான் ஒன்று பிய்ந்துவிட்டது. கேட்கலாம் என்று கதவருகே போனவர் அப்படியே நின்றார். தொலைபேசித் திரையிலிருந்து கேட்டது மகள் குரல் இல்லை. வயதான ஓர் அம்மாளின் குரல். கிரேக்கத்தில் கலகலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. மனைவியும் தடுமாறாமல் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார். இலக்கணம் பார்த்தால் கைகால் முறிந்த கிரேக்கம்தான். ஆனால் அது நடந்தது, ஓடியது, நடுவில் சிரிக்கவும் செய்தது.

சம்பந்தியம்மாள் கேட்டார்: “தி கானி இ மேசி தூ?”

பத்து நாளைக்கு முன் அவர் காதுக்கு இது வெறும் ஓசை. இப்போது புரிந்தது. அவருடைய இடுப்பு எப்படி இருக்கிறது?

“கலீத்தெரா, கலீத்தெரா” என்றார் மனைவி. தேவலை, தேவலை.

பேச்சு முடிந்து திரும்பிய மனைவி, கையில் பொத்தானோடு நின்ற கணவரைப் பார்த்ததும் ஒரு துணிக்கிளிப்பைக் கீழே போட்டார்.

“யாருக்கு இடுப்புல வலி?” என்றார் சீல்காரர்.

ஒளிக்க இடமில்லை என்று தெரிந்ததும் மனைவி நேராகவே சொன்னார். “உங்களுக்குத்தான்.”

“எவ்வளவு நாளா?”

“ரெண்டு வருஷமா. கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு அந்தம்மா கேட்டாங்க. மூஞ்சிக்கு நேரா கேக்குறாங்க, நான் என்னங்க சொல்லுவேன்? எங்க வீட்டுக்காரருக்கு நீங்க ஆகலைன்னா சொல்ல முடியும்? எனக்கும் என் வீட்டு மானம் இருக்குல்ல? இடுப்பு எலும்பு நகர்ந்துடுச்சு, நிமிர முடியலை, பேனா பிடிச்சுக் கடிதம் எழுதக்கூட உக்கார முடியலைன்னு சொன்னேன்.”

“இடுப்புன்னு உனக்கு எப்படித் தோணுச்சு?”

“எனக்குத் தோணலை. நான் காய்ச்சல்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். உங்க மகதான் சொன்னா, காய்ச்சல் ரெண்டு வாரத்துல போயிடும்மா, இடுப்புன்னா பல வருஷம் தாங்கும்னு.”

“அவளும் கூட்டா?”

மனைவி துணிகளை மடிக்கத் தொடங்கினார். கை மடித்தாலும் வாய் நிற்கவில்லை. “இன்னொன்னும் இருக்கு. சொல்லிடுறேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதுலேர்ந்து சம்பந்தி உங்களுக்குன்னே ஒரு நாற்காலி செய்யிறாராம். தன் கையாலயே. அந்தம்மா பார்த்தாலும் துணியப் போட்டு மூடிடுறாராம்.”

சீல்காரர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை, வந்தது வெட்கம். அவர் பதில் போடாமல் விட்ட ஓட்டையை அந்த இரண்டு பெண்களும் இரண்டு ஆண்டுகளாகக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். இப்போது அவர் போய்த் தன் மூன்று வாக்கியங்களைச் சொன்னால் என்ன ஆகும்? பதில் எழுதாதது என் தப்பு என்றால், அப்போது இடுப்பு? கேள்வி நேராக மனைவி மேல் போய் விழும். சொல்லாமல் விட்டால், இல்லாத வலிக்காக ஒரு மனிதர் இழைத்து இழைத்துச் செய்த நாற்காலியில் போய் முனகிக்கொண்டே உட்கார வேண்டும்.

மனைவி வாசற்படியில் வந்து நின்றார். “சொல்லிடாதீங்க. ரெண்டு வருஷமா அந்தம்மா முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கேன். எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி ஆயிட்டாங்க. போய் இறங்கின அன்னிக்கே பொய்க்காரின்னு என்னை நிறுத்திடாதீங்க.”

“கசியுற கொதிகலனுக்கு சீல் வைக்கச் சொல்றியா?”

“உங்களுக்கு எல்லாமே கொதிகலன்தான்” என்றார் மனைவி.

ஒன்பதாம் வாரம் அவர் டீச்சரிடம் இன்னும் இரண்டு வாக்கியங்கள் கேட்டார். முதலாவது சுலபம். ‘இ மேசி மூ ஈனே கலா.’ என் இடுப்பு நன்றாக இருக்கிறது. இரண்டாவதை நோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அப்படிச் சொல்லச் சொன்னதே நான்தான். இதை எப்படிச் சொல்லுவாங்க?”

“எகோ ஈப்பா நா தோ பூன்” என்று எழுதினார் டீச்சர். எதற்கென்று கேட்கவில்லை. நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு எதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்திருக்கும்.

மற்ற நான்கும் சோதனையில் தேறின. இந்த ஐந்தாவது மட்டும் தேறவில்லை. படியேறும்போது சொன்னால் ‘பூன்’ கழன்று விழுந்தது. குழாயைத் திறந்தால் தொடக்கமே வரவில்லை. நாக்கில் குறை இல்லை என்று அவருக்குத் தெரியும். முப்பத்து நான்கு ஆண்டுகளில் உண்மை அல்லாத ஒன்றுக்கு அவர் கை சீல் குத்தியதில்லை. வாய் அந்தக் கையைப் பார்த்துத்தான் வளர்ந்திருந்தது. கிளம்பும் நாள் வரை ஒன்றரை மடங்கு என்ன, ஒரு மடங்குகூடத் தாங்கவில்லை. மனைவியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. அங்கே போய் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவாரோ என்ற பயத்திலேயே அந்த அம்மாள் பெட்டியைக் கட்டினார்.

சம்பந்தி வீடு ஒரு சரிவுத் தெருவில் இருந்தது. கீழே பட்டறை, மேலே வீடு. படியெல்லாம் இழைப்புச் சுருள் ஒட்டிக்கிடந்தது. மகள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். மாப்பிள்ளை பெட்டிகளை வாங்கிக்கொண்டு, “வாங்க மாமா, உள்ள வாங்க” என்று மனப்பாடம் செய்ததைச் சொன்னான். சம்பந்தியம்மாள் வந்த வேகத்தில் மனைவியைக் கட்டிக்கொண்டார். இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் கேட்டிருக்க வழியில்லை.

தச்சர் குள்ளமான மனிதர். காதில் பென்சில், சட்டைப் பையில் இரும்பு ஸ்கேல். சீல்காரரின் கையைப் பிடித்து, படியில் வழுக்கிவிடாமல் தாங்குவது போலக் கூட்டிக்கொண்டு போனார். கூடத்தின் நடுவில் துணி மூடிய நாற்காலி. துணியை விலக்கிவிட்டு, உட்காருங்கள் என்று இரண்டு கையாலும் காட்டினார்.

சீல்காரர் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நிமிர்ந்தார். மகள் ஏதோ புரிந்துகொண்டு, “அப்பா, என்ன சொல்லணும்? நான் சொல்றேன்” என்று முன்னே வந்தாள்.

“நீ சும்மா இரு” என்றார்.

“பீரா தோ கிராமா சாஸ்.” கூடம் அடங்கியது. “தென் அப்பாண்டிசா. தோ லாதோஸ் ஈனே திக்கோ மூ.”

தச்சரின் புருவம் உயர்ந்தது. சீல்காரர் தன் இடுப்பைக் கையால் தட்டிக் காட்டினார். “இ மேசி மூ ஈனே கலா.”

சம்பந்தியம்மாள் திரும்பிச் சீல்காரரின் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தார். தோளில் இருந்த குழந்தை அழத் தொடங்கியது. கீழே பட்டறையில் யாரோ அறுவை இயந்திரத்தை ஓட்டினார்கள். அவர் வீட்டில் திறந்துவிட்ட எந்தக் குழாயும் இவ்வளவு சத்தம் போட்டதில்லை.

“எகோ ஈப்பா” என்றார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் கழலாமல், “எகோ ஈப்பா நா தோ பூன்.”

மனைவி தலையைத் தூக்கினார். அந்த வாக்கியத்தின் பொருள் அவருக்குத் தெரியும். டீச்சரைவிட நன்றாகவே தெரியும்.

தச்சர் சுவருக்குப் போனார். மகளும் மாப்பிள்ளையும் இருக்கும் படத்துக்குப் பக்கத்தில் சீல்காரர் வீட்டுப் படம் ஒன்று மாட்டியிருந்தது. போன ஆண்டு எடுத்து மனைவி அனுப்பியது. மனைவி நாற்காலியில், சீல்காரர் பின்னால் பக்கவாட்டாகத் திரும்பி நின்றுகொண்டு. தச்சர் அதைக் கழற்றிக் கொண்டுவந்தார். பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, படத்தில் நிற்கும் சீல்காரரின் முதுகுப் பக்கமாக வைத்தார். ஸ்கேலுக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு மயிரிழைகூட வெளிச்சம் தெரியவில்லை. பிறகு அதே ஸ்கேலைப் புது நாற்காலியின் முதுகில் வைத்தார். அதுவும் அப்படியே.

அப்போதுதான் சீல்காரர் நாற்காலியைச் சரியாகப் பார்த்தார். நோயாளிக்குச் செய்கிற நாற்காலி சாய்ந்திருக்கும், மெத்தை வைத்திருக்கும். இது தூக்குக் குண்டு விட்டது போல நெட்டாக நின்றது.

தச்சர் கொஞ்சம் பேசினார். அதில் ‘படம்’ என்பதும், ‘தெரியும்’ என்பதும், ‘கெஃபாலி’ என்பதும் காதில் விழுந்தன. கெஃபாலி என்றபோது தன் தலையைத் தட்டிக்காட்டி, சீல்காரரின் தலையையும் சுட்டிக்காட்டிச் சிரித்தார்.

“அப்பா, அவர் என்ன சொல்றாருன்னா...”

“புரிஞ்சுது. கோளாறு இடுப்புல இல்லை, தலையில” என்றார் சீல்காரர்.

உட்கார்ந்தார். முதலில் வழக்கம்போல நான்கு விரல் விட்டு. பிறகு, செய்தவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று, முதுகை மரத்தில் பதித்தார். சரியாகப் பொருந்தியது.

சம்பந்தியம்மாள் எதுவும் கேட்காமல் மனைவியின் தோளைத் தட்டிவிட்டு, காப்பி எடுத்துவர உள்ளே போனார். மனைவி குழந்தையை மகளிடமிருந்து வாங்கிக்கொண்டு நாற்காலிப் பக்கம் வந்து குனிந்தார்.

“என்னங்க, நீங்க எப்போ என்னைச் சொல்லச் சொன்னீங்க?”

“மெதுவாப் பேசு” என்றார் சீல்காரர், பேத்திக்காகக் கையை நீட்டியபடி. “சீல் வெச்சாச்சு.”